எந்தச் சங்கு?

போன ஞாயிற்றுக்கிழமை பீச் ரோட்டில் ஒரு பழைய குடோனுக்குள் நுழைந்தேன். கலைக் கண்காட்சி என்று வாசலில் பேனர் கட்டியிருந்தது. நான் போனது கலைக்காக இல்லை, உள்ளே ஏசி இருந்தது. ஒரே இருட்டு. எங்கிருந்தோ தண்ணீர் சலசலத்தது. திடீரென்று சங்கு ஊதியது பாருங்கள், என் கால் தானாகச் சைக்கிள் ஸ்டாண்டைத் தேடியது.

கோயில் சங்கு என்று நினைத்துவிடாதீர்கள். ஷிப்டு மாற மில்லில் ஊதுகிற சைரனுக்கும் எங்கள் ஊரில் சங்கு என்றுதான் பெயர். கடலில் முங்கி எடுப்பதும் சங்கு, பிள்ளைக்குப் பால் புகட்டுவதும் சங்கு, ஒருவன் கதை முடிந்தால் அவனுக்கு ஊதுவதும் சங்கு. எங்களுக்குச் சந்தேகத்தையும் அந்தப் பால் சங்கில் ஊற்றித்தான் புகட்டியிருப்பார்கள். கையில் கருவியோடு எவன் வந்தாலும், "எந்தக் கம்பெனி ஆளு?" என்பதுதான் எங்கள் முதல் வணக்கம்.

மில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் நான் ஒரு மைக்செட் கடையில் வேலை பார்த்தேன். மில் சங்கு ஊதினால்தான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்புவேன். ஒருநாள் சென்னையிலிருந்து தாடி வைத்த ஒருவர் அறுந்த வயரோடு கடைக்கு வந்தார். தண்ணீருக்குள் இறக்குகிற மைக்காம். ஈயம் உருகும் புகைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டே, "மனுஷன், கடல், மெஷின், மூணும் எப்படிச் சேர்ந்து இருக்குன்னு சத்தத்துலயே காட்டப்போறேன்" என்றார். சத்தத்தை எப்படிக் காட்டுவது என்று எனக்கு விளங்கவில்லை. அவருக்குச் சங்கு கிடக்கிற இடத்துக் கடலின் சத்தம் வேண்டியிருந்தது. எங்கள் தெருவில் சங்கு குளிக்கிற சூசை அண்ணனிடம் கூட்டிப் போனேன்.

சூசை என்னைத் தனியே தள்ளிக்கொண்டு போனார்.

"ஏலே, யாருல இவன்? படம் வரையுதவன்னா பிரஷ்ஷுலா வச்சிருக்கணும்? வயர எறக்கணுங்கான்!"

"கலைன்னு சொல்லுதாருண்ணே."

"அன்னைக்கு ஒருத்தன் தண்ணி டெஸ்ட்டுன்னு வந்தான், இன்னைக்கு இவன் கலைன்னு வாரான். எம் மணலு எங்கன கெடக்குன்னு தெரிஞ்சா, நாளைக்கு மிதவையப் போட்டு உள்ள வராதேம்பான். பெறவு நான் எங்க போயி முங்க?"

மணல் என்று அவர் சொன்னது, கடலடியில் அவருக்கு மட்டும் தெரிந்த ஒரு திட்டு. சங்கு அங்கேதான் கிடக்கும். அவர் வீட்டு அடுப்பு எரிந்ததே அதை நம்பித்தான். மாட்டேன் என்று சொல்லவும் பயம். சொன்னால், அங்கே ஏதோ இருக்கிறது என்று மோப்பம் பிடித்துவிடுவானாம்.

மறுநாள் காலையில் மூவரும் வள்ளத்தில் போனோம். மில்லின் புகைபோக்கி நன்றாகத் தெரிகிற தூரத்திலேயே சூசை எஞ்சினை நிறுத்திவிட்டார். அடியில் வெறும் சகதி என்பது எனக்கே தெரியும். தாடிக்காரர் மைக்கை இறக்கினார்.

"இங்க சங்கு இருக்கா?"

"கொஞ்சம் பொறுங்க சார். சத்தமே கேக்கும்."

எட்டு மணிக்கு மில்லில் ஊதினார்கள்.

"கேட்டியளா? சங்கு!"

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினேன். அவர் கோபிப்பார் என்று பார்த்தால், அவசர அவசரமாக இன்னொரு மைக்கை எடுத்துக் கரையைப் பார்த்துத் தூக்கிப் பிடித்தார். ஊதி முடித்ததும், "இதுக்கும் சங்குன்னுதான் பேரா?" என்று கேட்டார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார்.

"நடிக்கான்" என்றார் சூசை என் காதில்.

அதற்குப் பிறகு ரொம்ப நாளைக்கு அவர் தன் மணலுக்கு நேராகப் போகவே இல்லை. சுற்றிச் சுற்றித்தான் போவார். மச்சினனைக்கூட வள்ளத்தில் ஏற்றமாட்டார். ஆனால் வேவு பார்க்க ஒருவரும் வரவில்லை. வந்தது சேறு. எங்கோ தோண்டிக் கொட்டினது என்று சூசை சொன்னார், புயலில் வந்தது என்று மற்றவர்கள் சொன்னார்கள். எனக்கு இரண்டு தரப்பு மேலும் நம்பிக்கை இல்லை. மணல் மூடிப்போனது மட்டும் நிஜம். மில்லையும் மூடி, அந்த இடத்தில் இப்போது பிளாட் கட்டிவிட்டார்கள்.

குடோனுக்குள் கண் பழகியபோதுதான் பார்த்தேன். மேலேயிருந்து கயிற்றில் சங்குகள் தொங்கின, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குட்டி ஸ்பீக்கர். மில் சங்கு நிஜச் சங்குக்குள்ளிருந்து ஊதிக்கொண்டிருந்தது. மனம் கலங்கித்தான் போனது. ஆனாலும் பழக்கம் விடுமா? தாடிக்காரர் கடல் மேப் ஏதாவது மாட்டியிருக்கிறாரா என்று நாலு சுவரையும் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

சூசை அண்ணனுக்குப் போன் போட்டு, அடுத்த தடவை ஊதியபோது ஒரு சங்கின் வாயருகே பிடித்தேன்.

"மில்லுச் சங்குலா! மறுபடி தொறந்துட்டானா?"

விவரத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "ஏலே, நம்ம மணலுச் சத்தம் இருக்கா பாரு" என்றார்.

தொங்கிய சங்குகளில் ஒவ்வொன்றாகக் காதை வைத்துப் பார்த்தேன்.

"இல்லண்ணே."

"எப்படில இருக்கும்?" என்றார். "நாமதான் காட்டலியே."