பாசாருக்கு மூன்று எழுத்து

புனிதாவுக்கு நாற்பது வயது. கேரி தீவு எஸ்டேட்டிலிருந்து படித்து மேலே வந்தவள். பதினான்கு வருடம் ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதினாள். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தமிழ்ச் சங்கம் நடத்தும் டியூஷன் சென்டரில், சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குப் புரோகிராமிங் சொல்லிக்கொடுக்கிறாள். மூன்று மாதச் சோதனை வகுப்புதான். சங்கத்துக்குப் பிடித்தால் ஜனவரியில் முழுநேர வேலை. பிடிக்காவிட்டால் மறுபடி வீட்டில் சும்மா உட்கார வேண்டும். உட்கார்ந்து பார்த்தவர்களைக் கேளுங்கள், அந்தக் கொடுமை தெரியும்.

வகுப்புக்கு ஒரே புராஜெக்ட், சொல் கண்டுபிடிக்கும் விளையாட்டு. திரையில் எழுத்துக்கு ஒரு கோடு வரும், கீழே ஒரு குறிப்பு வரும். எழுத்து எழுத்தாக ஊகிக்க வேண்டும். மூன்று தப்பு செய்தால் ஆட்டம் முடிந்தது.

முதல் நாளே வில்லங்கம். மலர்விழி என்ற பதிமூன்று வயதுப் பெண் தன் பெயரைப் போட்டுப் பார்த்தாள். எட்டுக் கோடு வந்தது.

“டீச்சர், என் பேரு அஞ்சு எழுத்துதானே? இது எட்டுங்குது லா!”

புள்ளியையும், வி, ழி மேலிருக்கும் சுழிகளையும் கம்ப்யூட்டர் தனித்தனி எழுத்தாக எண்ணியிருந்தது. புனிதாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. இரண்டு வாரம் பிள்ளைகளோடு சேர்ந்து அதனோடு மல்லுக்கட்டினாள். கடைசியில் ஐந்து கோடு வந்தபோது மலர்விழி போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்புக் கணக்கு வாத்தியார் எட்டிப் பார்த்தார்.

“இப்ப ஆளுக்குப் பத்து சொல் கொண்டு வாங்க. வீட்டுல பேசுற சொல்லா இருக்கணும்” என்றாள் புனிதா. அங்கேதான் வந்தது வினை.

சங்கத்துக்குக் காட்டும் நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. சங்கச் செயலாளர் திருச்செல்வம், “நானே ஆடுறேன்” என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். மூன்று கோடு. குறிப்பு: காய்கறி வாங்கும் இடம்.

“சந்தை! இது தெரியாதா?” என்று சிரித்தபடி ‘ச’ தட்டினார். தப்பு. ‘ந்’ தட்டினார். தப்பு. வீம்புக்கு ‘தை’யும் தட்டினார். திரையில் சொல் விழுந்தது: பாசார். அதற்குக் கீழே பிள்ளைகள் எழுதி வைத்த வரி: “தோத்துட்டீங்க லா, பாஸ்!”

மண்டபமே கொல்லென்று சிரித்தது. பாவி மனுஷன் முகம் கறுத்துப்போயிற்று. “பாசார் மலாய்ச் சொல்லு, அது தமிழாம்மா? சங்கத்துப் பேர்ல இதையா சொல்லிக் குடுக்கிறீங்க?” என்று மைக்கிலேயே கேட்டார். புனிதா வாயைத் திறக்குமுன் மைக் கைமாறிவிட்டது.

மறுநாள் சென்டர் மேலாளர் தனலெட்சுமி போன் செய்தாள். “புனிதா, லோரி, கம்பம், பாசார்னு இருக்கிற இங்கிலீஷ், மலாய்ச் சொல் எல்லாத்தையும் எடுத்துடு. எடுத்தா உன் வேலை லெட்டர்ல சைன் வைக்கிறேன்னுட்டாரு செயலாளர். ரோஷம் பாக்காத, வேலையப் பாரு.”

புனிதா வேலையைப் பார்த்தாள். பிள்ளைகள் கொண்டுவந்த சொற்களில் பாதியைத் தன் கையாலேயே அழித்தாள். அழிப்பதற்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கம்ப்யூட்டரோடு இரண்டு வாரம் சண்டை போட்டவள், மனிதர்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அதை நினைத்து அவளுக்கே தன் மேல் ஆத்திரமாக வந்தது.

அடுத்த சனிக்கிழமை வேலைக் கடிதம் கைப்பையில் இருந்தது. மலர்விழி திரையில் மேலும் கீழும் தேடினாள்.

“டீச்சர், நான் போட்ட பாசாரக் காணோமே. எழுத்து தப்பா எண்ணிடுச்சா?”

“எழுத்து சரிதான்மா.”

“அப்புறம்?”

“அது தமிழ் இல்ல. தப்பான சொல்.”

மலர்விழி கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

“எங்கம்மா கிள்ளான்ல பாசார்லதான் கீரை விக்கிறாங்க. அது அவங்க சொன்ன சொல்லு, டீச்சர்” என்றாள். “தப்புன்னு அவங்ககிட்ட சொல்லிடவா?”

புனிதா கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, “அடுத்த சொல்லைப் போடு” என்றாள்.