ஆவன எவன் செய்வான்?

பேச்சுப் பயிற்சி என்று விழுப்புரத்தில் ஹால் பிடித்து, சர்க்கரை ஆலை வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கையை எங்கே வைப்பது, எப்போது புன்னகைப்பது என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். தனியார் சர்க்கரை ஆலையில் கரும்பு அலுவலராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். கையை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள். கீழே உள்ளதை மட்டும் படியுங்கள்.

1. காணைக் கூட்டம்

கரும்பு அரவைப் பருவத்தின் நடுவில் ஆலை பாய்லர் கெட்டது. எங்கள் வெட்டு உத்தரவை நம்பி வெட்டிய கரும்பு வயலில் காய்ந்தது. காய்ந்தால் எடை போய்விடும். அடி விவசாயிக்கு. காணை கிராமத்தில் விவசாயிகளைக் கூட்டிய மேனேஜர், தான் எழுதிய நோட்டீஸை என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டார்.

"தவிர்க்க இயலாத காரணங்களால் அரவை நிறுத்தப்பட்டுள்ளது. விரைவில் ஆவன செய்யப்படும்" என்று படித்தேன்.

முன்வரிசையில் இருந்த அஞ்சலை எழுந்தார். வெட்டிப் போட்ட கரும்பில் அவருடையதும் இருந்தது.

"ஏம்மா, ஆவன செய்யப்படும்ன்றியே, எவன் செய்வான்?"

கூட்டம் சிரித்தது. பின்னாலிருந்து ஒருவர், "அது தானா செஞ்சிக்கும், நீ குந்து" என்றார்.

"என் கரும்பு காஞ்சிக்கினு கெடக்குது. ஆளச் சொல்லு."

காகிதத்தை மறுபடி பார்த்தேன். அதில் ஆளே இல்லை. மடித்து வைத்தேன்.

"பாய்லர் கெட்டுப்போச்சு. எப்ப சரியாகும்னு தெரியல. வெட்டாதவங்க வெட்டாதீங்க. வெட்டினத பக்கத்து ஆலைக்கு அனுப்பலாம். அதுக்கு மேனேஜர் கையெழுத்து போடணும். அவர் அந்த ரூம்ல இருக்காரு."

மொத்தக் கூட்டமும் அந்தக் கதவுக்குப் போனது. மேனேஜர் கையெழுத்துப் போட்டார். அஞ்சலையின் கரும்பு அன்றே லாரி ஏறியது.

2. ஜீப்பில்

"நோட்டீஸ படிச்சிட்டு எறங்க வேண்டியதுதான? என்னை எதுக்கும்மா காட்டிக்குடுத்த?"

"நீங்கதான சார் செய்யணும்?"

"இது ஆபீஸ் தமிழ். இப்படித்தான் எழுதணும்."

"இப்படி எழுதினா யாரும் மாட்ட மாட்டாங்க. அதுக்குத்தான சார் எழுதறீங்க?"

திண்டிவனத்தில் மேனேஜர் டீக்கு ஜீப்பை நிறுத்தச் சொன்னார். பிறகு என்னை அந்தத் திண்டிவனத்துக்கே மாற்றினார்.

3. மெமோ

அங்கே நான் எழுதிய ஒவ்வொரு நோட்டீஸிலும் என்ன நடந்தது, யார் செய்வார், என்றைக்குள் என்று எழுதினேன். நான் செய்ய வேண்டியது என்றால் என் பெயரைப் போட்டேன். நல்ல எழுத்தும் பேச்சும் இவ்வளவுதான். திட்டு விழும், வாங்கிக்கொள்ளுங்கள்.

எனக்கு மெமோ வந்தது: "அலுவலக நடைமுறையை மீறியதற்காகத் தங்கள் மீது தக்க நடவடிக்கை எடுக்கப்படும்."

"யார் எடுப்பார்?" என்று பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

ஓய்வுபெறும் வரை எவனும் எடுக்கவில்லை.