தேசப்படத்தில் மேய்ந்த மாடு

கமலாசனி வென்றவற்றை முதலில் சொல்லிவிடுவதே முறை. குடியேற்றத்திட்டத்துக்கு வந்த ஆண்டிலேயே பிடித்த மலேரியாக் காய்ச்சலை வென்றாள். பெண்பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்போடு காணும் என்ற தகப்பனை, பட்டினி கிடந்து அல்ல, இரண்டு பங்கு சாப்பிட்டு வென்றாள். இவள் வீட்டில் இருந்தால் நெல்லு மிஞ்சாது என்று அவரே பள்ளிக்கூடம் அனுப்பினார். அண்ணன் கனகலிங்கத்தின் சைக்கிளைக் குளக்கட்டில் ஓடப் பழகி, வாய்க்காலுக்குள் விழுந்து எழும்பி, பிறகு வாய்க்காலையே பாய்ந்து கடந்தாள். கணக்கில் ஒருமுறை சறுக்கினாலும் மறுமுறை எஸ்.எஸ்.சி. சித்தியடைந்தாள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஐயாத்துரையின் மாட்டை வென்றாள்.

அந்த மாட்டின் கதை இது.

ஓமந்தையிலிருந்து உள்ளே போகும் கிரவல் றோட்டின் முடிவில் அந்தப் பள்ளிக்கூடம் இருந்தது. கிடுகுக் கூரை, அரைச்சுவர். கமலாசனி அங்கே மூன்றாம் வகுப்புக்குத் தற்காலிக ரீச்சர். தற்காலிகமானவர்கள் வரவுப் பதிவேட்டில் கையெழுத்து வைக்க முடியாது என்பது தலைமை வாத்தியார் கதிர்காமநாதனின் சட்டம். அவள் வந்த நாட்களில் அவரே பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். ஒரு வருடமாக அவள் வெறும் புள்ளி.

வித்தியாதரிசி வந்து அவளுடைய பாடம் ஒன்றைப் பார்ப்பார் என்று செய்தி வந்தது. பாடம் பிடித்தால் நியமனம். பிடிக்காவிட்டால் வவுனியாவிலிருந்து வேறொருவர் வருவார், புள்ளியும் நின்றுவிடும். பாடத்தையும் அவரே குறித்திருந்தார்: தேசப்படத்துக் குறியீடுகள்.

பள்ளியில் இருந்தது ஒரேயொரு தேசப்படம். பிள்ளைகளின் கை பட்டால் கிழியும் என்று தலைமை வாத்தியார் அதை அலுமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார். கமலாசனி கரும்பலகையில் குறியீடுகளைக் கீறிக் காட்டினாள். பிள்ளைகள் பாட்டுப்போலப் பாடமாக்கினார்கள். இடம் மாற்றிக் கேட்டால் விழித்தார்கள். வீட்டில் அண்ணனை இருத்திப் படிப்பித்துப் பார்த்தாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற கனகலிங்கம், எதையும் இரண்டுதரம் சரிபார்க்கிற மனிதர், கடைசிவரை குளத்தைக் கிணறு என்றே சொன்னார்.

அந்தக் கிழமைதான் ஒரு மாடு வேலியை முறித்துப் பள்ளித் தோட்டத்துப் பயற்றங்கொடியில் வாய் வைத்தது. தன் பெயரையே எழுத்துக்கூட்டி வாசிக்கிற இராசமலர், அரைச்சுவரடியில் இருந்தபடியே, அது ஐயாத்துரை மாமாவின் மாடு என்றாள். மாட்டின் தொடையில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு சுட்டிருந்தது. அரைப்பிறை என்றால் யாருடையது, வளையம் என்றால் யாருடையது என்று கமலாசனி கேட்கக் கேட்க, வகுப்பே பதில் சொன்னது. இத்தனை குறிகளை வாசிக்கிற பிள்ளைகளுக்கா குறி படிப்பிக்கத் தெரியாமல் நின்றோம் என்று அவளுக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை.

மறுநாள் முற்றத்து மணலில் ஊர் முழுவதும் விரிந்தது. குளம், கட்டு, கோயில், ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த வீட்டு மாட்டுக்குறி. மூலையில் ஒரு பெட்டி கீறி, எந்தக் குறி எதற்கு என்று எழுதினார்கள். பிள்ளைகளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. கரித்துண்டால் கதவில், தண்ணீர்க் குடத்தில், ஒருவர் முதுகில் ஒருவர் குறியிட்டார்கள். தலைமை வாத்தியாரின் கதிரை முதுகில் யாரோ புலியின் கால்தடம் கீறியிருந்தார்கள். அவர் அதில் சாய்ந்துவிட்டு வெள்ளைச் சட்டையோடு ஓமந்தைச் சந்திவரை போய்வந்தார்.

வித்தியாதரிசி வந்தார். அலுமாரி திறந்தது. அச்சடித்த தேசப்படம் அன்றுதான் முதன்முதலாகப் பிள்ளைகளின் முன் தொங்கியது. அவர் கோலால் குறுக்கும் நெடுக்குமான ஒரு குறியைத் தொட்டார்.

"இது என்ன, பிள்ளை?"

இராசமலர் யோசிக்கவே இல்லை. "ஐயாத்துரை மாமான்ர மாடு, சேர்."

கோல் முல்லைத்தீவுக் கரைக்குப் போனது. "அப்ப இது?"

"அதுவும் அவற்றதான், சேர். கட்டாக்காலி. எங்கையும் போகும்."

வகுப்பு முழுவதும் ஆமோதித்துத் தலையாட்டியது. மன்னார்ப் பக்கம் இன்னும் நிறைய நிற்கிறது என்று பின்வாங்கில் ஒருவன் விரல் நீட்டினான். தலைமை வாத்தியார் கூரையைப் பார்த்தார். கமலாசனிக்குத் தன் பிழை அப்போதுதான் விளங்கியது. சொந்த ஊர்க் குறியை மட்டும் காட்டியிருக்கிறாள். வேறு ஊருக்கு வேறு கணக்கு என்பதைச் சொல்லவே இல்லை. நியமனம் வேலியை முறித்துக்கொண்டு ஓடுவது அவள் கண்ணில் தெரிந்தது.

ஆனால் மாட்டை மாட்டால்தான் மறிக்க வேண்டும்.

"இராசமலர், செட்டிகுளத்தில ஒரு மாட்டில இந்தக் குறி கிடந்தால், அது ஆரின்ர மாடு?"

"அது எங்கட ஊர் இல்லையே, ரீச்சர். அங்கத்தை ஆக்களைத்தான் கேக்கோணும்."

"அப்ப இந்தப் படத்தில ஆரைக் கேக்கிறது?"

இராசமலர் படத்தைப் பார்த்தாள், முற்றத்தைப் பார்த்தாள், பிறகு ஓடிப்போய்ப் படத்தின் மூலையில் இருந்த பெட்டியில் விரல் வைத்தாள். எழுத்தெழுத்தாகக் கூட்டினாள்: "கி-றித்-தவ ஆ-ல-யம்." திரும்பி, "வேதக்கோயில், சேர். ஐயாத்துரை மாமா அங்க மாடு விடேல்லை" என்றாள்.

வித்தியாதரிசி கைலேஞ்சியால் வாயைப் பொத்தினார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு வகுப்பு அவரை முற்றத்துக்கு இழுத்துப்போனது. அரைப்பிறை என்ன என்று அவர் கேட்க, மூலையைப் பாருங்கோ சேர் என்று எல்லோரும் கண்டித்தார்கள். அவர் குனிந்து மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, முறிந்த வேலியால் அந்த மாடே உள்ளே வந்து, குளத்தை மிதித்து, கோயிலைக் கடந்து, தன் சொந்தக் குறியின் மேல் போய் நின்று சாணி போட்டது.

"முல்லைத்தீவாலை திரும்பி வந்திட்டுது" என்றார் வித்தியாதரிசி.

அதன்பின் யாராலும் பாடம் நடத்த முடியவில்லை. நியமனத்துக்கு எழுதுவதாகச் சொன்ன அவர், பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். அன்றைய பென்சில் புள்ளியைக் கோலால் தொட்டு, இந்தக் குறிக்கு விளக்கம் எந்த மூலையில் இருக்கிறது என்று தலைமை வாத்தியாரைக் கேட்டார். கதிர்காமநாதன் அழிறப்பரை எடுத்துப் புள்ளியை அழித்து, தன்னுடைய ஊற்றுப்பேனாவைக் கமலாசனியிடம் நீட்டினார். அவளுடைய கை மணலும் கரியுமாக இருந்தது. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு, தகப்பன் பெயரும் தன் பெயரும் முழுதாக, கட்டத்துக்கு வெளியே போகிற அளவுக்குப் பெரிதாக எழுதி, பக்கத்தில் திகதி போட்டாள்: 1963ஆம் ஆண்டு, ஆனி மாதம் 14, வெள்ளிக்கிழமை.