ஏற்றிக் கேட்ட முதல் வேலை

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ரப்பர் ஷீட் வாங்கி விற்றே மேலே வந்தேன். பாறசாலைப் பக்கத்தில் எங்கள் சபையின் அறுப்புப் பண்டிகைக்குக் காணிக்கையாக வரும் காய்கனிகளை ஏலம் விளிப்பதும் நான்தான். என் குரலுக்கு மைக் தேவைப்பட்டதில்லை.

மகள் பெங்களூரு வேலையை விட்டு வந்து, வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்களையும் வேலை கொடுப்பவர்களையும் சேர்த்துவைக்கும் இணையதளம் ஒன்றைக் கட்டினாள். முதல் போட்டது என் ரப்பர் காசு. "முதல் வேலை கைவிட்டுப் போச்சுன்னா நான் பழைய கம்பெனிக்கே போயிருவேன் அப்பா" என்று சொல்லித்தான் தொடங்கினாள்.

தொடக்க நாளில் சபைக் கூடத்தில் ஊரைக் கூட்டினேன். மகள் பேசியது யாருக்கும் பிடிபடவில்லை. நான் எழுந்து சுருக்கமாக விளக்கினேன்: "எலே மக்கா, இது நம்ம ஏலம் போலத்தான் ஆக்கும். வேலை வரும், கேளுங்க!"

சாயங்காலம், கூட்டம் கலைவதற்குள், மதுரையிலிருந்து முதல் வேலை எல்லார் போனிலும் வந்தது. பழைய மலையாள நிலப்பத்திரங்களைத் தமிழில் எழுதித் தர வேண்டும். எங்கள் பக்கம் மீன்காரர்கூட இரண்டு மொழியிலும் விலை சொல்லுவார். குறைந்த கூலி கேட்பவருக்கு வேலை என்பதுதான் மகளின் ஏற்பாடு. நெய்யாற்றின்கரையில் பத்திரம் எழுதும் ஆபீசில் இருந்த ஓர் அக்கா முதலில் தன் போனில் கூலி கேட்டார். அடுத்தவர் அதற்கு மேலே கேட்டார். இன்னொருவர் அதற்கும் மேலே. "விடாதே, ஏத்திக் கேளு!" என்று பின்னாலிருந்து சத்தம். என் பேச்சுக்கு ஊரில் அவ்வளவு மதிப்பு!

மகள் முகம் வெளுத்துவிட்டது. "என்ன செய்து வச்சிருக்கீங்க அப்பா? ஆளு ஓடிருவாரு."

"போனை இங்க தா."

"என்னங்க, போகப் போக விலை ஏறுது?" என்றார் மதுரைக்காரர்.

"எங்க ஊர்ல ஏலத்தை இறக்கிக் கேக்கது கொறச்சல், மானக்கேடு சார். முதல்ல கேட்ட அம்மா பத்திரத்திலேயே கெடந்தவங்க. அவங்க கேட்ட கூலி போதும். நான் பொறுப்பு."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். வேலை அந்த அக்காவுக்கே போனது.

இணையதளத்திலிருந்து ஏலத்தை எடுத்துவிட்டு, அவரவர் கூலியை அவரவர் பெயருக்கு நேரே போடச் சொன்னதும் நான்தான். இப்போது எங்கெங்கிருந்தோ வேலைகள் ஓசையில்லாமல் வந்து போகின்றன. எனக்கோ எல்லாப் போன்களும் ஒன்றாகக் கிணுகிணுத்த, சாயாவும் பழம்பொரியும் மணத்த அந்தக் கூடம்தான் அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

அந்த வருஷப் பண்டிகை ஏலத்தில் ஒரு பெரிய பூசணிக்காயைத் தூக்கிக் காட்டினேன். மகள் ஒரு விலை கேட்டாள். வேறு யாரும் வாய் திறக்கவில்லை. அவளே அதற்கு மேல் ஏற்றிக் கேட்டாள். கூடம் முழுக்கச் சிரிப்பு. பெங்களூருக்குப் போகிறவள் அவ்வளவு பெரிய பூசணிக்காயை வாங்குவாளா?