ஒரு பக்கம் அசையாத தொண்டை

யோசெப் அளம்பில் கரையில் நின்று வலையிழுக்கிற அம்பாப் பாட்டைப் பாடினால் கொக்கிளாய்க் களப்பில் நிற்கிற கொக்கெல்லாம் கால் மாற்றி நிற்கும் என்று சொல்வார்கள். அவன் தும்மின தும்மலுக்கே ஒருநாள் வலை பாதித்தூரம் வந்துவிட்டது என்றும் ஒரு கதை உண்டு. நம்பாதவர்கள் அந்தக் கரைக்குப் போய்க் கேட்டுப்பார்க்கலாம், கேட்பதற்கு அங்கே ஆள் மிஞ்சியிருந்தால்.

கரைவலை என்பது ஒன்றிரண்டு பேர் இழுக்கிற காரியமில்லை. கடலுக்குள் வளைத்துவிட்ட வலையைக் கரையில் இரண்டு அணியாக நின்று, அணிக்கொரு கயிறாக இழுக்கவேண்டும். ஒரு பக்கம் முந்தி மற்றப் பக்கம் பிந்தினால் வலை கோணிவிடும், மீன் தன்பாட்டில் போய்விடும். இரண்டு அணியையும் ஒன்றாகக் கட்டிவைக்கிறது அம்பா பாடுகிறவனுடைய குரல். அவன் ஒரு அடி எடுப்பான். மற்றவர்கள் ‘ஏலேலோ’ போடுகிற இடத்தில் கால்கள் மணலில் புதையும், கயிறு வரும்.

“சம்மாட்டி வயித்தைப் பார்!”

“ஏலேலோ!”

“சாளைமீன் கூடை பார்!”

“ஏலேலோ!”

வலைக்குச் சொந்தக்காரர் தவராசா சம்மாட்டி தொந்தியைத் தடவிக்கொண்டு, “டேய் யோசெப்பு, என்ரை வயித்தை விட்டிட்டு இழுவையைப் பாரடா!” என்று கத்துவார். கொக்கிளாயிலிருந்து விரட்டப்பட்டு வந்த குடும்பத்துப் பிள்ளையான யோசெப்புக்கு அந்தக் கரையில் காணி இல்லை, வள்ளம் இல்லை. குரல் ஒன்றுதான் இருந்தது.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு மாசியில், பிளாசியார் திருநாளன்று, சாமியார் இரண்டு மெழுகுதிரிகளைக் குறுக்காகப் பிடித்து எல்லாருடைய தொண்டையிலும் வைத்து ஆசீர்வதித்தார். தொண்டை நோய்க்கெல்லாம் காவல் அந்தப் புனிதர்தான். யோசெப் இரண்டாந்தரமும் வரிசையில் போய் நின்றான். பங்குனியில் கடல் அடங்கி வலைப்பாடு தொடங்கியது. முதல் அம்பாவிலேயே குரலுக்குள் காற்று கேட்டது. சொல் பாதி வந்தது, மிச்சம் ஓட்டைப் பந்துபோலச் சீறிக்கொண்டு போனது.

முந்தின இரவு சூடைமீன் பொரியல் சாப்பிட்டிருந்தான். அதனால் தீர்ப்பை அவனே உடனே சொல்லிவிட்டான்.

“முள்ளு. வேறை ஒண்டுமில்லை.”

மனைவி புனிதம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “முள்ளெண்டால் குத்தும். குத்துதோ?”

“இது குத்தாத முள்ளு.”

“அப்பிடியொரு மீனை நான் பொரிக்கேல்லை. ஆசுப்பத்திரிக்கு வாங்கோ.”

“பிளாசியார் காவல் வைச்ச தொண்டையை டொக்டருக்குத் திறந்து காட்டுறதோ? அந்த மனிசன் என்ன நினைப்பார்?”

புனிதரை அவமதிக்கக்கூடாது என்று ஒருவன் வைத்தியத்தைத் தள்ளிப்போட்டதை அந்தக் கரையில் ஒருவரும் பிழையாக எடுக்கவில்லை. ஆளாளுக்கு முள்ளிறக்க வழி சொன்னார்கள். சோற்றைக் கொழுக்கட்டைபோல உருட்டி, மெல்லாமல் விழுங்கினால் முள்ளையும் இழுத்துக்கொண்டு இறங்குமாம். யோசெப்பும் குசினிக்குள் அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்து விழுங்கினான்.

கழுத்துக்குள் இரண்டு குழாய்கள் இருக்கின்றன. முன்னுக்கு இருப்பது மூச்சுக்கு, பின்னுக்கு இருப்பது சோற்றுக்கு. ஆனால் இரண்டுக்கும் வாசல் ஒன்றுதான். இந்த வீட்டைக் கட்டினவர் ஏன் ஒரு வாசலோடு நிறுத்தினார் என்பதை அவரிடந்தான் கேட்கவேண்டும். நாங்கள் விழுங்குகிற ஒவ்வொரு தரமும் குரல்வளை மேலே எழும்பி நாக்கின் அடியில் ஒளிந்துகொள்கிறது. அதன் மேல் ஒரு மூடி கவிழ்கிறது. உள்ளே குரல்நாண்கள் இரண்டும் கதவுபோல ஒட்டிக்கொள்கின்றன. மூச்சு நிற்கிறது, சோறு பின்னால் வழுக்கிப் போகிறது, கதவு திறக்கிறது. எல்லாம் கண்மூடித் திறக்கிற நேரந்தான். பேசுகிறபோதும் அதே கதவுகள்தான் நெஞ்சுக் காற்றில் படபடத்துக் குரலாகின்றன.

யோசெப்பின் கதவு மூடவில்லை. உருண்டை உடைந்து பாதி மூச்சுக்குழாய்க்குள் போனது. கண் பிதுங்கி, முகம் கத்தரிக்காய் நிறமானது. புனிதம் போட்ட கூக்குரலில் பக்கத்து வளவு மூக்கன் வேலியைப் பிய்த்துக்கொண்டு வந்து முதுகில் அறைந்தான். சோறு சுவரில் போய் ஒட்டியது.

“மச்சான், பிளாசியார் சோத்துக்குக் காவல் இல்லைப் போல,” என்றான் மூக்கன்.

அதற்குப் பிறகு தண்ணீர் குடித்தாலும் இருமல். அதைவிட யோசெப்பை வெருட்டியது வேறொன்று. கயிற்றை இழுக்க அவனால் முடியவில்லை. பாரம் இழுக்கிறபோதும் நாங்கள் அந்தக் கதவை மூடித்தான் நெஞ்சை இறுக்குகிறோம், கைகளுக்குப் பிடிமானம் அங்கேதான் இருக்கிறது. யோசெப் தம் பிடிக்கப் பார்த்தால் காற்று நழுவியது. கால் மணலில் சறுக்கியது.

“குரல் போனது விளங்குது,” என்றார் சம்மாட்டி. “கை எங்கையடா போனது?”

ஆனி மாதம் புனிதம் அவனைச் சைக்கிளில் ஏற்றித் தானே மிதித்து ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டொக்டர் அவனுடைய நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து, காம்பு வைத்த சின்னக் கண்ணாடியொன்றைச் சூடாக்கித் தொண்டைக்குள் விட்டார்.

“ஈ எண்டு சொல்லுங்கோ ஐயா.”

“ஹீ…”

அவர் நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியை வெளியே எடுத்தார். மேசையில் கிடந்த பென்சிலைச் சீவத் தொடங்கினார். அது ஏற்கெனவே கூராகத்தான் இருந்தது.

“முள்ளு தெரியுதோ?” என்று கேட்டான் யோசெப்.

“முள்ளு இல்லை ஐயா. வலப்பக்க நாண் ஆடுது. இடப்பக்கம் அசையாமல் நிக்குது. அந்த நாணிலை ஒரு பழுதும் தெரியேல்லை. அதுக்கு வாற நரம்புதான் எங்கையோ நெரிபடுது.”

“எங்கை?”

டொக்டர் தன் கழுத்தில் விரலை வைத்து, நெஞ்சுவரை இறக்கி, வளைத்து, மறுபடி கழுத்துக்குக் கொண்டுவந்தார். “இடப்பக்க நரம்பு நேரை தொண்டைக்குப் போறேல்லை. நெஞ்சுக்குள்ளை இறங்கி, இருதயத்திலையிருந்து வாற பெரிய ரத்தக்குழாயைச் சுத்தித்தான் திரும்பி ஏறுது. சுருட்டுப் பத்துவீங்களோ?”

யோசெப்பின் கை சட்டைப்பையிலிருந்த சுருட்டுக்குப் போய்த் திரும்பியது. கயிறு கடலடியில் எதிலோ கொழுவினால் கரையில் நிற்கிறவன் கைக்கு அது எப்படித் தெரியும் என்பது அவனுக்குத் தெரியும். இழுக்க இழுக்க உயிரில்லாமல் இருக்கும். கொழுவியிருப்பது கல்லா, வேறெதுவுமா என்று கரையிலிருந்து சொல்ல முடியாது.

“கொழும்புக்குப் போய் நெஞ்சைப் படம் எடுக்கவேணும்,” என்றார் டொக்டர். “இந்தக் கிழமையே போங்கோ. ஏதும் வளருதெண்டால் இப்ப வெட்டலாம். பிந்தினால் ஏலாது. பாதையும் இப்பிடியே கிடக்குமெண்டு நான் சொல்லமாட்டன்.”

பாதையைப் பற்றி அப்போது எல்லாரும் அப்படித்தான் பேசினார்கள், சண்டை மறுபடி துவங்கினால் பூட்டிவிடுவார்கள் என்று, குரலைத் தாழ்த்திக்கொண்டு. கடைகளில் மண்ணெண்ணெய் குறைந்துகொண்டு வந்தது. வளவுக்குள் பழைய பதுங்குகுழியைச் சனம் ஒருவரை ஒருவர் பார்க்காமல் துப்புரவாக்கியது.

வெளியே வந்ததும் யோசெப் சொன்னான்: “வலைப்பாடு புரட்டாதியிலை முடியும். முடிஞ்ச கையோடை போவம்.”

“டொக்டர் சொன்னது காதிலை விழேல்லையோ?”

“நடுவிலை விட்டிட்டுப் போனால் என்ரை இடம் போயிடும், புனிதம். பிறகு நான் ஆர்?”

அவன் ஒரு தந்திரம் கண்டுபிடித்தான். கயிற்றில் மூக்கனுக்குப் பக்கத்தில் நின்று அடியைக் காதுக்குள் ஊதுவான், மூக்கன் அதைத் தகரத்தில் தட்டினதுபோலக் கத்துவான். சனம் சிரித்தது. வலையும் எப்படியோ வந்தது. யோசெப் மெலிந்தான், காற்சட்டையைக் கயிற்றால் கட்டினான். ஆடி முடிகிறபோது மூக்கன் அடிகளைத் தானாகவே பாடப் பழகியிருந்தான். ஒரு விடியற்புறம் யோசெப் காதருகே குனிய, மூக்கன் தலையை விலக்கிக்கொண்டு அடுத்த அடியை எடுத்தான். அணி இரண்டும் பிசகாமல் இழுத்தன. அன்றைக்கு இருமலோடு மணலில் இரத்தம் விழுந்தது. யோசெப் அதைக் காலால் மூடினான்.

“நாளைக்குப் போவம்,” என்றான் வீட்டுக்கு வந்து. புனிதம் அப்போதே பையில் உடுப்பை அடுக்கத் தொடங்கினாள்.

ஆவணி வெயிலில் பஸ் மாங்குளம் தாண்டி ஓடியது. புளியங்குளம் சந்தியில் வாகனங்கள் எதிர்ப்பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தன. கொண்டக்டர் இறங்கிப்போய் விசாரித்துவிட்டு வந்தான்.

“ஓமந்தைப் பாதை பூட்டியாச்சு. முகமாலையிலை சண்டை துவங்கீட்டுதாம்.”

“எப்ப தம்பி திறப்பினம்?” என்றாள் புனிதம்.

“பூட்டினவையைக் கேளுங்கோ அம்மா.”

“இவருக்கு நெஞ்சிலை வருத்தம். எங்களை மட்டும் விடமாட்டினமோ?”

கொண்டக்டர் யோசெப்பின் கழுத்தெலும்பைப் பார்த்தான். பிறகு வேறுபக்கம் பார்த்தான். பின்னாலிருந்த ஒரு கிழவர், “பிள்ளை, நேற்று வந்திருந்தாலும் போயிருக்கலாம்,” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

புனிதம் போத்தலைத் திறந்து அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். யோசெப் மிடறு மிடறாகக் குடித்தான். அவள் வழக்கம்போல முதுகில் தட்டுவதற்குக் கையை உயர்த்தி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இருமல் வரவில்லை.

“இஞ்சேருங்கோ, இருமேல்லை!” அவளுடைய முகம் விரிந்தது. “மாதாவே! சுகம் வருது போல.”

இருமல் என்பது வாசல் காவல்காரன். வழி தவறி வந்ததை அவன்தான் துரத்துகிறான். நரம்பு மரத்துப்போனால் காவல்காரன் தூங்கிவிடுவான், வருகிறதெல்லாம் சத்தமில்லாமல் உள்ளே போகும். புனிதத்துக்கு அது தெரியாது. யோசெப்புக்கும் தெரியாது. ஆனால் தண்ணீரின் குளிர் வயிற்றுக்குப் போகாமல் நெஞ்சுக்குள் பரவுவதை அவன் உணர்ந்தான். அதைச் சொல்ல வாயைத் திறந்தான். காற்று மட்டும் வந்தது.

“இன்னும் கொஞ்சம் குடியுங்கோ,” என்றாள் அவள். பஸ் வடக்கே திரும்பியது.