துவாக்குடியிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு 24 கிலோ சர்வருடன்

வசந்தி அக்கா ஸ்ரீரங்கத்தில் கல்யாண வீடியோ எடுக்கிறார். படங்களைச் சேர்த்து வைக்க ஒரு சர்வர் வேண்டும் என்று என்னிடம் பொறுப்பைக் கொடுத்திருந்தார். துவாக்குடியில் ஒரு சிறு கம்பெனி பழையதை விற்றது. போன சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே அங்கே போய், சாஃப்ட்வேர் போட்டு ஓட்டிப் பார்த்தேன்.

ரேக்கில் படுக்கையாகச் செருகும் வகை. ஆழம் 73 செ.மீ. டிஸ்க் போட முன்பக்கம் எட்டு அறை, நான்கு காலி. ஒரு பவர் சப்ளை போனாலும் இன்னொன்று தாங்கும். மெமரிக்கு 24 இடம் என்று விற்றவர் பெருமையாகச் சொன்னார். அதில் பன்னிரண்டு இரண்டாவது பிராசஸருக்கு உரியவை. அது இல்லாமல் அந்த இடங்கள் வேலை செய்யாது. இதை நீங்களாகக் கேட்டால்தான் சொல்வார்கள்.

பத்தே முக்காலுக்கு அக்கா போன் செய்தார். "டேய், பழைய கம்ப்யூட்டர்ல டிஸ்க் டிக் டிக்னு அடிக்குது. திங்கக்கிழமை எடுத்த கல்யாணம் அதுலதான் இருக்கு."

"கேமரா கார்டு?"

"புதன்கிழமை இன்னொரு முகூர்த்தம். அழிச்சுட்டேன்."

வரிசையாக முகூர்த்தம் வந்தால் இந்தத் தொழிலில் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். எனக்குத் திட்ட வந்தது. "ஆஃப் பண்ணாதீங்க, திரும்ப எழுந்திருக்காது. அதைத் தொடவும் தொடாதீங்க" என்று மட்டும் சொன்னேன்.

லோடு ஆட்டோ, 27 கிலோமீட்டர், 900 ரூபாய். 11.10க்குக் கிளம்பினோம். ஓட்டியவர் ஜமால் பாய்.

"என்ன தம்பி, ஆர்மோனியமா?"

"கம்ப்யூட்டர் பாய். குலுங்கக் கூடாது."

"அப்ப ரோடு போட்டவன்கிட்ட சொல்லுங்க."

சொன்னாரே தவிர, திருச்சி ஊருக்குள் நுழையும் பால்பண்ணை சந்திப்பு வரை ஒரு பள்ளத்தில்கூட இறக்கவில்லை. 12.05க்குச் சித்திரை வீதி முனை. பெருமாள் புறப்பாடு, வண்டி போகாது. நான் வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "பெருமாளையே ஓரமாப் போகச் சொல்லுவீங்க போல. ஒரு பக்கம் பிடிங்க" என்று அவரே இறங்கினார். இருவரும் கூட்டத்தின் ஓரமாக அக்கா வீடு வரை முந்நூறு மீட்டர் தூக்கினோம். ஒரு மாமி வழிவிட்டு, பெட்டியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

டிஸ்க்கை நேராகச் சர்வரில் செருகிப் படங்களை எடுத்துவிடலாம் என்பது என் திட்டம்; ஆஃப் பண்ணாதீங்க என்று சொன்ன நானே அதைக் கழற்ற நினைத்தேன். கழற்றும் முன் அளந்து பார்த்தால், நுழையாது. அறைகள் இரண்டரை அங்குலம், அக்காவின் டிஸ்க் மூன்றரை. எட்டு அறை என்றதும் மயங்கி, அகலம் பார்க்காமல் வாங்கிய முட்டாள் நான்தான். நல்லவேளை, டிஸ்க்கைப் பழைய கம்ப்யூட்டரிலிருந்து இன்னும் கழற்றவில்லை. சர்வரின் பின்பக்கம் நான்கு நெட்வொர்க் போர்ட். ஒன்றில் கேபிள் போட்டு இரண்டையும் இணைத்தேன்.

ஃபேன் சத்தத்தில் அக்கா காதைப் பொத்தினார். "சத்திரம் பஸ் ஸ்டாண்டையே கொண்டாந்துட்டியேடா."

மொத்தம் 380 ஜி.பி. 12.50க்கு நகல் ஏற ஆரம்பித்தது. நடுவில் இருமுறை அசையாமல் நின்றது. அக்கா எனக்குத் தயிர்சாதம் போட்டுவிட்டு, தான் சாப்பிடாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். 2.55க்கு முடிந்தது. கம்ப்யூட்டரை நிறுத்தித் திரும்பப் போட்டுப் பார்த்தேன். டிஸ்க் எழுந்திருக்கவில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு: அறையின் அகலம், பெட்டியின் ஆழம், இரண்டாவது பிராசஸர், மூன்றையும் கேளுங்கள். நெட்வொர்க் கார்டு போன்றவற்றைப் பிறகு சேர்க்கப் பின்பக்கம் காலி இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு இடத்தில் பிரதி இல்லாமல் கேமரா கார்டை அழிக்காதீர்கள். புறப்பாடு நாளில் வீதிக்குள் வண்டியை எதிர்பார்க்காதீர்கள்.

அக்கா தாலி கட்டும் காட்சியைத் திறந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு முகம் மாறியது.

"யாருடா இந்த ஆளு, சரியா குறுக்க வந்து நிக்கிறான்?"