பஃபர் மீனும் பதினோரு மணி டீயும்

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் ஒரு மீனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

மிகைப்படுத்தவில்லை. ஹாலில் மீன் தொட்டிக்கு முன்னால் பிளாஸ்டிக் ஸ்டூல். அதன் மேல் ஐம்பத்தெட்டு வயசு மனுஷர். கையில் நீளமான இடுக்கி, இடுக்கி நுனியில் ஒரு குட்டி நத்தை. "வாடா… வா ராஜா… ஒண்ணும் பண்ண மாட்டேன், வா" என்று கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கெஞ்சல். உள்ளே, சுண்டு விரல் நுனி அளவே இருக்கிற ஒரு மீன், செடிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. ஒரு கண்ணால் அவரைப் பார்த்தது. இன்னொரு கண்ணால் சமையலறையில் நின்ற என்னைப் பார்த்தது.

ஆமாம், இரண்டு கண்ணும் தனித்தனியாகத் திரும்பும். பஃபர் மீன் அப்படித்தான். கடலோரத்துக்காரர்கள் பேத்தை என்பார்களே, பயந்தால் வயிற்றை உப்பிக்கொள்ளுமே, அதே வகை. எங்கள் வீட்டில் இருப்பது நல்ல தண்ணீரில் வாழ்கிற குட்டி.

அது என்னிடம் வரும். இவரிடம் வராது. அதில் இவருக்கு மகா வருத்தம்.

"இன்னா விமலா இது? வாங்கியாந்தவன் நானு. உன்னாண்ட மட்டும் ஓடி ஓடி வருது!"

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கோபமும் வந்தது. ஏனென்றால் அன்று காலைதான் இவருடைய சாப்பாட்டுப் பையைத் துவைக்க எடுத்தேன்… உள்ளே ஒரு கடிதம். கம்பெனி கடிதம். அடுத்த மாதம் ரிடையர்மென்ட். விருப்பம் இருந்தால் இன்னும் மூன்று வருஷம் கான்ட்ராக்டில் தொடரலாம். திங்கட்கிழமைக்குள் எழுதித் தர வேண்டும். மேலே தேதியைப் பார்த்தேன். இரண்டு வாரம் ஆகியிருந்தது. இரண்டு வாரமாக என்னிடம் மூச்சு விடவில்லை மனுஷர்!

வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — நான் இருப்பது கோலார் தங்க வயலில், பாலகாட் பக்கம். தங்கச் சுரங்கம் மூடின வருஷம்தான் எங்கள் கல்யாணம். அதற்கப்புறம் இந்த ஊர்க்காரர்களில் பாதிப் பேருக்குப் பெங்களூரில்தான் பிழைப்பு. விடிவதற்கு முன்னால் ரயில். திரும்பி வரும்போது ஊர் சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போய்க்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தூக்கம். இவரும் அப்படித்தான், இருபது வருஷத்துக்கு மேலாக. ஒரே ரயில், ஒரே பெட்டி, கிட்டத்தட்ட ஒரே ஸீட்.

எனக்கு இவரிடம் பெரிதாக ஒன்றும் வேண்டாம். நம்புங்கள். தினமும் பதினோரு மணிக்கு ஒரு டீ போடுவேன். எனக்கு மட்டும். மகள் கல்யாணமாகி ஓசூர் போன பிறகு வீட்டில் வேறு யார்? அந்த டீயைக் குடிக்கும்போது யோசிப்பேன் — புதன்கிழமை பதினோரு மணிக்கு என் வீட்டுக்காரர் முகம் எப்படி இருக்கும்? சத்தியமாக எனக்குத் தெரியாது. அதைப் பார்க்க வேண்டும். எதிரில் உட்கார்ந்து, "சக்கரை பத்தல" என்று அவர் குறை சொல்ல வேண்டும், நான் எழுந்து போய்ப் போட வேண்டும். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் இந்தக் கடிதம்.

சரி, மீன் கதைக்கு வருகிறேன். அதைச் சொன்னால்தான் மீதி புரியும்.

இவரோடு வேலை செய்கிற ஒருவர் வீடு மாற்றும்போது, மீன் தொட்டியை "யாருக்காவது வேணுமா?" என்று கேட்டிருக்கிறார். இவர் கையைத் தூக்கிவிட்டார். இரண்டடிக் கண்ணாடித் தொட்டி. ஒரு சனிக்கிழமை அதை ரயிலில், மடியில் வைத்துக் கொண்டு வந்தார். பெட்டியில் இருந்த அத்தனை பேரும் பங்காரபேட்டை வரைக்கும் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்களாம். பிரசவத்துக்குப் போகிற பெண்ணுக்குக்கூட அப்படிக் கொடுக்க மாட்டார்கள் என்று இவரே சொன்னார்.

கப்பி, மோலி, நியான் டெட்ரா என்று கொஞ்சம் கொஞ்சமாக வந்தன. "கம்யூனிட்டி டேங்க் மேடம். எல்லாரும் ஜொதையா இருக்கும், ஜகளா இல்ல" என்றார் ராபர்ட்சன்பேட்டை மீன் கடைக்காரர். ஒன்றாக இருக்கும், சண்டை இல்லை. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது!

சண்டை வரவில்லை. நத்தை வந்தது. கடையில் வாங்கின செடியோடு ஒட்டிக்கொண்டு ஒன்றோ இரண்டோ வந்திருக்க வேண்டும். ஒரே மாதத்தில் கண்ணாடி பூராவும் நத்தை. பொறுக்கி எடுத்து நசுக்கிப் போட்டால் தீர்ந்தது. ஆனால் யார் நசுக்குவது? நாங்கள் பௌத்தக் குடும்பம். விகாரையில் பஞ்சசீலம் சொல்லுகிறவர்கள். முதல் சீலமே உயிரைக் கொல்லாதே என்பதுதான். இவர் ஒரு நத்தையைக் கையில் எடுத்து, அது கொம்பை நீட்டினதும், "அய்யோ பாவம்" என்று திரும்பவும் தண்ணீரிலேயே விட்டுவிட்டார். (அந்த நேரம் அடுப்பில் கோழிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.)

கடைக்காரரிடம் போய் நின்றோம். அவர் ஒரு வழி சொன்னார். "ஒரே ஒரு பஃபர் ஹாக்கி மேடம், சாகு." ஒன்று போட்டால் போதும், நத்தை எல்லாவற்றையும் அது தின்றுவிடும். இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நாம் கொல்ல வேண்டியதில்லை, மீன் தின்றால் அது மீனோட பாவம்… ஆஹா, என்ன ஒரு வசதி! இப்படி அடுத்தவன் தலையில் பாவத்தைக் கட்டிவிட்டு ரொம்பச் சந்தோஷமாக வீட்டுக்கு வந்த தம்பதி இந்தத் தாலுக்காவிலேயே நாங்களாகத்தான் இருப்போம்.

மஞ்சளும் பச்சையுமாக, முதுகில் புள்ளி புள்ளியாக இருந்தது. தொட்டியை ஒரு சுற்று சுற்றி, ஒவ்வொரு மூலையிலும் நின்று நின்று பார்த்தது. "ஷிப்ட் பாஸ் மாதிரி ரவுண்ட்ஸ் வருது பாரு" என்றார் இவர். பெயர் பாஸ் என்றே ஆகிவிட்டது. பதினைந்தே நாளில் நத்தை சுத்தமாகக் காலி.

அதற்கப்புறம்தான் வினை. ஒரு நாள் கப்பிகளைப் பார்த்தேன். விசிறி மாதிரி விரிந்திருந்த வால் எல்லாம் கிழிசல். ஒன்றுக்கு வாலே இல்லை. இரண்டு நாளில் அது செத்து மிதந்தது. பாஸ் பின்னாலேயே போய்ப் போய் ஒவ்வொரு கடியாகக் கடித்திருக்கிறது. பசி! கடையில் வாங்கின உருண்டைத் தீனியை அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கடைக்காரருக்குப் போன் போட்டால், "அது உயிரோட இருக்கறதத்தான் தின்னும் மேடம், நத்தை கொடுங்க" என்கிறார் கூலாக. பல் வளர்ந்துகொண்டே இருக்குமாம், ஓட்டைக் கடித்துத்தான் தேய வேண்டுமாம். இதை முதலிலேயே சொல்ல வேண்டியதுதானே?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இவர் ஒரு பிளாஸ்டிக் வலையை வெட்டித் தொட்டிக்கு நடுவில் தடுப்புப் போட்டார். இந்தப் பக்கம் கம்யூனிட்டி, அந்தப் பக்கம் பாஸ். திங்கட்கிழமை விடிவதற்குள் கிளம்பிப் போய்விட்டார். நான் பின்கட்டில் ஒரு பெயின்ட் பக்கெட்டை வைத்து, வெள்ளரித் தோலைப் போட்டு… நத்தை வளர்க்க ஆரம்பித்தேன். எதை ஒழிக்க இந்த மீனை வாங்கினோமோ, அதையே வேளாவேளைக்குச் சோறு போட்டு வளர்த்தேன். பாவமெல்லாம் வட்டியோடு திரும்பி வந்துவிட்டது.

தினமும் பதினோரு மணிக்கு, டீயை வைத்துவிட்டு, இடுக்கியில் ஒரு நத்தை எடுத்துக் கொடுப்பேன். முதலில் வரவில்லை. அப்புறம் வந்தது. அப்புறம் நான் ஹாலுக்குள் காலை வைத்தாலே கண்ணாடிக்கு வந்து மேலும் கீழும் குதிக்கும். நான் துணி மடித்தால் பார்க்கும், போன் பேசினால் பார்க்கும், அழுதால்கூடப் பார்க்கும். நானும் பேச ஆரம்பித்துவிட்டேன். "இன்னா பாஸ், இன்னிக்கு வெயிலப் பாத்தியா?" சிரிக்காதீர்கள். பகலெல்லாம் ஒருத்தர் நம் முகத்தைப் பார்ப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு ஒரு மீன் வந்துதான் தெரிந்தது.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கே வருவோம். இவர் கெஞ்சல் நடந்துகொண்டிருந்தது. இது ஆறாவது ஞாயிறு.

"என்னாண்ட இன்னா கொறைன்னு அந்த மீனாண்ட கேளு" என்றார் கடைசியில், நிஜமான வருத்தத்தோடு.

"அது உங்கள எங்க பாத்துச்சு?" என்றேன். "நீங்க கெளம்பறப்ப தொட்டி லைட்டு போடல. நீங்க வர்றப்ப அணைச்சாச்சு. ஞாயித்துக்கெழம வந்து அஞ்சு நிமிஷம் நின்னுட்டுப் போய்ப் படுத்துக்கிறீங்க. அதுக்கு நீங்க யாரோ ஒரு ஆளு."

முகம் சுருங்கிப் போயிற்று. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "சும்மா ஒக்காருங்க. எழுந்திரிக்காதீங்க, கைய ஆட்டாதீங்க" என்று மட்டும் சொன்னேன்.

உட்கார்ந்தார். அன்று தூங்கவில்லை. ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம்… கை வலிக்க வலிக்க மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு. நான் குழம்பைக் கிளறிக்கொண்டே எட்டி எட்டிப் பார்த்தேன். என்னை யாராவது கேட்டால் சொல்லுவேன், கல்யாணமான நாளிலிருந்து நான் அவரை அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பார்த்ததே இல்லை. காது மடலில் முடி நரைத்திருக்கிறது. எப்போது நரைத்தது?

திடீரென்று ஒரு சத்தம். "ஏ விமலா! வந்துச்சு! என் கையிலேர்ந்து புடுங்கிச்சு!" ஓடினேன். ஓடு கடிபடுகிற 'டக்' சத்தம்கூடக் கேட்டதாம் இவருக்கு. சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். "ரெண்டு மணி நேரம் ஒக்காந்தா வருதுப்பா!"

"நாளைக்கும் ஒக்காருங்க."

"நாளைக்கு டூட்டி" என்றார், யோசிக்காமலே.

நான் உள்ளே போய்க் கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்து அவர் மடியில் வைத்தேன். இடுக்கி கையிலேயே இருந்தது.

"சொல்லணும்னுதான் இருந்தேன்…"

"எப்ப? மூணு வருஷம் கழிச்சா?"

"வூட்ல ஒக்காந்துகினு இன்னா பண்றது விமலா? எங்கப்பா ஒக்காந்தாரே. நீ பாத்தியே."

பார்த்தேன். சுரங்கம் மூடின பிறகு என் மாமனார் தினமும் காலையில் ஷிப்டுக்குப் போகிற மாதிரியே குளித்து, சட்டை போட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார். மதியம் வரைக்கும் அப்படியே. யாரிடமும் பேச மாட்டார். இரண்டு வருஷம்தான் இருந்தார். இந்த ஊரில் அப்படி உட்கார்ந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். ஷிப்ட் இல்லாத ஆம்பளை என்றால் இவருக்கு நினைவு வருவது அந்த நாற்காலிதான். இத்தனை வருஷம் அதை என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்ல எங்கே நேரம்?

ஆனாலும் விடவில்லை நான். "உங்கப்பாவ மைன் மூடி ஒக்கார வெச்சுட்டாங்க. உங்கள நான் கூப்புடறேன்" என்றேன். "ரெண்டும் ஒண்ணா? எனக்கு நீங்க வேணுங்க. பகல்ல வேணும்."

வயசான காலத்தில் இதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு எவ்வளவு வெட்கமாக இருந்தது தெரியுமா? இவர் என் முகத்தைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "சாப்பாடு போடு" என்றார். அவ்வளவுதான் பதில்.

திங்கட்கிழமை வழக்கம்போல ரயிலுக்குப் போனார். கடிதமும் போயிற்று. பதினோரு மணிக்கு டீ போட்டேன், குடிக்கவில்லை, ஆறிப்போயிற்று. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அவரும் கேன்டீனுக்குப் போகிற நேரம் வரை கூப்பிடவில்லை. ஒரு மணிக்கு மேல்தான் அடித்தது.

"சாப்ட்டியா?"

"நீங்க சொல்லுங்க."

"மூணு வருஷம் கேட்டாங்க…" பின்னால் தட்டு, டம்ளர் சத்தம். "ஒரு வருஷம் போதும்னு எழுதிக் குடுத்துட்டேன். அதுக்கு மேல வேணாம்னுட்டேன். ஒரே வருஷம் விமலா. கோவமா?"

ஒரு வருஷம். அழுவதா, சந்தோஷப்படுவதா? இரண்டு வருஷத்தை எனக்காக விட்டிருக்கிறார், அந்த நாற்காலிக்குப் பயப்படுகிற மனுஷர். அது சின்ன விஷயமில்லை, எனக்குத் தெரியும். ஆனால் இன்னும் ஒரு வருஷத்துப் புதன்கிழமைகள் இருக்கின்றனவே… அதை யாரிடம் சொல்ல?

"கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல. பத்திரமா வாங்க" என்று வைத்துவிட்டேன்.

பொய். மூக்கு முட்டக் கோபம் இருக்கிறது — ஆனால் அதைக் காட்டுவதற்குக்கூட ஆள் வீட்டில் இருக்க வேண்டும் இல்லையா?